"சிஸ்டத்தை மாத்துங்க சார்": கஸ்டமர் கேர் சொல்வது எதுவரை சரி?

கேள்வி: காரைக்குடியில் சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது 2012-ல் வாங்கிய கம்ப்யூட்டர், விண்டோஸ் 7. பில் போடும் பழைய சாஃப்ட்வேரும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும் அதில்தான் ஓடுகின்றன. இரண்டு மாதமாக சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஃபைபர் நெட் விட்டுவிட்டு வருகிறது. அந்த நேரத்தில் வைஃபை காட்டினாலும் என் போனில்கூட எதுவும் வராது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் "எந்த பிரவுசர் யூஸ் பண்றீங்க சார்?" என்று கேட்டார்கள். குரோம் 109 என்றேன். "அதுக்கு சப்போர்ட் கிடையாது, சிஸ்டத்தை மாத்துங்க" என்று கம்ப்ளைண்டை மூடிவிட்டார்கள். அவர்கள் வெப்சைட்டில் பில் கட்டப் போனாலும் "உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை" என்றுதான் வருகிறது. சில நாள் காலையில் எந்த சைட்டைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்கிறது. அன்றைக்குப் பார்த்து பில்லிலும் தேதி தப்பாக அச்சாகிறது. மகன் லினக்ஸ் போடச் சொல்கிறான். புது கம்ப்யூட்டர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்:

வணக்கம். "என் போனில்கூட எதுவும் வராது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். கஸ்டமர் கேரில் முதலில் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான். உங்கள் போனில் குரோம் 109-ம் இல்லை, விண்டோஸ் 7-ம் இல்லை. அதிலும் நெட் வரவில்லை என்றால் கம்ப்யூட்டர் எவ்வளவு பழசாக இருந்தாலும் இந்தக் கோளாறுக்கு அது பொறுப்பில்லை. ரோட்டில் பள்ளம் என்று புகார் கொடுத்தவரிடம் உங்கள் ஸ்கூட்டர் பழைய மாடல் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்கூட்டர் பழைய மாடல் என்பதும் உண்மைதான். அதற்குப் பிறகு வருகிறேன். உங்களிடம் இருப்பது இரண்டு தனித்தனிக் கோளாறுகள், கூடவே மூன்றாவதாக ஒரு சின்னது. எல்லாவற்றையும் ஒரே போன் காலில் சொன்னதால், சுலபமாக மூடக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் மூடிவிட்டார்கள்.

நான் பல வருடம் கஸ்டமர் கேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவன், அதனால் அங்கே நடப்பதைச் சொல்கிறேன். முதல் கட்டத்தில் போன் எடுப்பவர் பெரும்பாலும் நெட்வொர்க் தெரிந்தவர் இல்லை. அவர் முன்னால் ஒரு திரை இருக்கும். அதில் வரும் கேள்விகளை வரிசையாகக் கேட்டு, பதிலைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு காலுக்கு எத்தனை நிமிடம் எடுத்தார் என்று அவரையும் ஒருவர் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார். "பேஜ் ஓப்பன் ஆகலை" என்று நீங்கள் சொன்னதும் அவர் திரை எந்தக் கருவி, எந்த பிரவுசர், எந்த வெர்ஷன் என்று இறங்கும். பட்டியலில் இல்லாத வெர்ஷனைச் சொன்னால் "வாடிக்கையாளர் பக்கக் கோளாறு" என்று முடிக்க வழி கிடைத்துவிடும். அந்தக் கேள்வியே தப்பு என்று சொல்ல மாட்டேன். "நெட் வரலை" என்று கூப்பிடுகிறவர்களில் பலருக்கு உண்மையிலேயே பிரவுசரில்தான் ஏதாவது இருக்கும். உங்கள் விஷயத்தில் அது பொருந்தாது, அவ்வளவுதான். போனில் பேசுகிறவரைக் கோபித்துப் பயனில்லை. அவர் திரை வேறு பக்கம் திரும்பும்படி பேச வேண்டும்.

அதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். அடுத்த முறை ஏழு மணிக்கு நெட் போகும்போது கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். முதலில் சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் மோடத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில் பி, ஓ, என் என்று எழுதிய பான் விளக்கு ஒன்று இருக்கும், அது பச்சையில் நிலையாக எரிய வேண்டும். எல், ஓ, எஸ் என்று எழுதிய லாஸ் இன்னொன்று, அது எரியவே கூடாது. லாஸ் சிவப்பில் மின்னினால் ஃபைபர் வழியாக வர வேண்டிய ஒளியே உங்கள் கடைக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த நேரம் தானாகவே அதில் பதிவாகிவிடும். மோடத்தில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் அடாப்டரைப் பாருங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் பழைய அடாப்டர் திணறும்.

விளக்கெல்லாம் ஒழுங்காக இருந்தும் நெட் இல்லை என்றால் அடுத்தது பிங், அதாவது ஒரு கருவியைக் கூப்பிட்டுப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை. உங்கள் விண்டோஸ் 7-லேயே அது இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ஆங்கிலத்தில் சி, எம், டி என்று தட்டினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். இரண்டு ஜன்னலைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒன்றில் பிங் என்று ஆங்கிலத்தில் தட்டி, இடம் விட்டு 192.168.1.1, மறுபடி இடம் விட்டு ஒரு சிறுகோடும் டி எழுத்தும். இன்னொன்றில் அதே மாதிரி, எண் மட்டும் 8.8.8.8. முதல் எண் உங்கள் மோடம். சில மோடங்களில் அது வேறாக இருக்கும். அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். இரண்டாவது எண் கூகுள் வெளியில் வைத்திருக்கும் சர்வர். கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவே வைஃபை இல்லாமல் லான் கேபிள் போட்டுச் செய்தால் குழப்பம் குறையும்.

இப்போது நெட் போகும் நேரத்தில் ஜன்னல்களைக் கவனியுங்கள். மோடம் பதில் சொல்கிறது, 8.8.8.8 மட்டும் "ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்கிறது என்றால் கோளாறு மோடத்துக்கு அந்தப் பக்கம், அதாவது கம்பெனி பக்கம். மோடமே பதில் சொல்லவில்லை என்றால் கடைக்குள் இருக்கும் கேபிளோ மோடமோ. இரண்டும் பதில் சொல்கின்றன, ஆனால் எந்த சைட்டும் திறக்கவில்லை என்றால் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறாக இருக்கலாம். பிங்கில் எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயரைக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இதெல்லாம் ஒழுங்காக இருந்து, ஏதோ ஒரு பக்கம் மட்டும் திறக்காமல் அடம்பிடித்தால்தான் பிரவுசரைச் சந்தேகப்பட வேண்டும். பிங்குக்கு பிரவுசரே தேவையில்லை. அதனால் அதில் வரும் முடிவை "உங்க குரோம் பழசு சார்" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

கம்பெனிக்குப் போன் செய்வதற்கு முன்னால் ஒரு வேலை. ஹார்டுவேர் கடை என்கிறீர்கள். மோடத்துக்கு வரும் அந்த மெல்லிய ஃபைபர் கேபிள் எந்த வழியாக வருகிறது என்று வாசலிலிருந்து கண்ணால் தொடர்ந்து பாருங்கள். பகலில் வெளியே அடுக்கியிருக்கும் பைப்பையும் கம்பியையும் சாயங்காலம் உள்ளே எடுத்து வைப்பீர்கள்தானே? அவற்றைச் சாத்தி வைக்கும் சுவரோரமாகவே கேபிள் போனால், தினமும் ஒரே நேரத்தில் நெட் போவதற்கு அதுவே போதும். ஃபைபர் அறுந்தால்தான் கோளாறு என்பதில்லை, இறுக்கமாக மடங்கினாலே ஒளி கசிந்து சிக்னல் இறங்கிவிடும். ஷட்டர் பெட்டியை ஒட்டிப் போகும் கேபிளையும் இப்படி நிறையக் கடைகளில் பார்த்திருக்கிறேன். அங்கே ஒன்றும் இல்லையென்றால், அதே கம்பெனி இணைப்பு வைத்திருக்கும் பக்கத்துக் கடையில் அந்த நேரத்தில் நெட் இருக்கிறதா என்று கேளுங்கள். அவருக்கும் சேர்ந்து போகிறது என்றால் தெருவுக்கு சிக்னல் பிரிக்கும் இடத்திலோ, உள்ளூர் ஆபரேட்டர் வைத்திருக்கும் கருவியின் கரண்டிலோதான் கோளாறு. ஒரே ஃபைபரை 32 வீடு, 64 வீடு என்று பிரித்துக் கொடுப்பதால் மாலை நேர நெரிசல் என்றும் ஒன்று உண்டு. ஆனால் நெரிசலில் வேகம்தான் குறையும், இப்படி அடியோடு அறுந்து அறுந்து வராது.

சரி, இனி போன். "கூகுள் ஓப்பன் ஆகலை", "யூடியூப் சுத்துது" என்றெல்லாம் சொல்லாதீர்கள். நேராக பிரவுசர் கேள்விக்குப் போய்விடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: "மோடத்திலிருந்தே நெட் கட் ஆகிறது. போனிலும் வரவில்லை. நேற்று 7.10-லிருந்து 7.25 வரை லாஸ் சிவப்பில் இருந்தது, படம் இருக்கிறது. லைனைப் பார்க்க டெக்னீஷியனை அனுப்புங்கள்." எந்த பிரவுசர் என்று அப்போதும் கேட்டால், போனில் இருக்கும் பிரவுசரைச் சொல்லுங்கள். அது பொய்யில்லை, அதிலும்தான் வரவில்லையே. வெப்சைட்டில் பில் கட்ட முடியாததை இந்தக் காலில் வாயே திறக்காதீர்கள், அது வேறு கம்ப்ளைண்ட். கடைசியில் புகாருக்கான டாக்கெட் நம்பர் கேட்டு வாங்குங்கள்.

அந்த நம்பர் வெறும் சம்பிரதாயம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனி டாக்கெட் நம்பர் கொடுத்தாக வேண்டும். தீர்வு கிடைக்காவிட்டாலோ, கிடைத்த தீர்வு சரியில்லை என்றாலோ, அதே கம்பெனிக்குள் இருக்கும் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம். கட்டணம் கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அந்த அதிகாரியின் விவரத்தைக் கம்பெனி வெப்சைட்டின் அடியில் எங்காவது சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்; தேடினால் கிடைக்கும். டிராய்க்கே நேராக எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். தனிப்பட்ட புகார்களை டிராய் விசாரிப்பதில்லை, கம்பெனிக்கே அனுப்பிவிடும். மேல்முறையீட்டில் "பழைய பிரவுசர் என்று காரணம் காட்டி லைன் புகாரை மூடினார்கள்" என்று ஒரே வரியில் எழுதி, பழைய டாக்கெட் நம்பரையும் லாஸ் விளக்குப் படத்தையும் வையுங்கள். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம்.

டெக்னீஷியன் வந்தால் இன்னொன்று கேளுங்கள்: "பவர் எவ்வளவு காட்டுது?" அவரிடம் இருக்கும் மீட்டரிலோ மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்திலோ, வந்து சேரும் ஒளியின் அளவு மைனஸில் ஒரு எண்ணாக வரும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-க்கும் கீழே போனால் மோடத்தால் சிக்னலைப் பிடித்து வைத்திருக்க முடியாமல் விட்டுவிட்டு வரும். பகலில் வந்து நல்ல எண்ணைப் பார்த்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று போய்விடுவார்கள். ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள், முடியாது என்றால் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் அந்த எண் எங்கே தெரியும் என்று காட்டச் சொல்லுங்கள்.

இனி பிரவுசர். இதில் கஸ்டமர் கேர் சொன்னது தப்பில்லை. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவை நிறுத்திவிட்டது. கூகுள் அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் குரோமைக் கொடுத்து, 109-ஓடு நிறுத்திக்கொண்டது. 2023 பிப்ரவரியில் வந்த 110-க்கு விண்டோஸ் 10 வேண்டும். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரும் அதே 109-ல் நின்றுவிட்டது. நீங்கள் எத்தனை முறை அப்டேட் அழுத்தினாலும் மேலே போகாதது அதனால்தான். அதற்குப் பிறகு கண்டுபிடித்த பாதுகாப்பு ஓட்டைகள் உங்கள் குரோமில் அடைபடாமலே இருக்கின்றன. பேங்க், ஜிஎஸ்டி எல்லாம் அதில் பார்க்கிறீர்கள் என்றால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

கம்பெனி வெப்சைட் உங்களை உள்ளே விடாததற்கு இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். அந்தப் பக்கத்தை எழுதியவர்கள் புது பிரவுசருக்கு மட்டும் புரியும் விஷயங்களைப் பயன்படுத்தியிருக்கலாம். அல்லது, பிரவுசர் தன்னை "நான் இன்ன வெர்ஷன்" என்று ஒவ்வொரு சைட்டிடமும் அறிமுகப்படுத்திக்கொள்ளும் வரியை மட்டும் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பலாம். இந்த இரண்டாவது பழக்கம் ரொம்பப் பழசு, ரொம்ப அசட்டுத்தனமானதும்கூட. ஓபரா பிரவுசரின் 10-ஆம் வெர்ஷன் 2009-ல் வந்தபோது, பல சைட்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்து அதை 1 என்று எடுத்துக்கொண்டன. கடைசியில் ஓபரா அந்த வரியில் தன்னை 9.80 என்று சொல்லிக்கொண்டு, உண்மையான வெர்ஷனை வரியின் கடைசியில் ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று. அந்த வரியை மாற்றிக் காட்டும் தந்திரம் இன்றும் இருக்கிறது. பணம் கட்டும் இடத்தில் அதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு இப்போதைக்கு ஒரு வழி பயர்பாக்ஸ் 115, நீண்டகால ஆதரவுப் பதிப்பு. 2023 ஜூலையில் வந்த அந்த வரிசைதான் விண்டோஸ் 7-ல் ஓடும் கடைசி பயர்பாக்ஸ். குரோம் நின்ற பிறகும் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வந்தன, நிறுத்தும் தேதியை மொசில்லா பல முறை தள்ளிப்போட்டது. மொசில்லாவின் சொந்த சைட்டிலிருந்து மட்டும் இறக்குங்கள். ஏற்கெனவே இருக்கிறது என்றால் 115.13-க்குக் கீழே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் ஒரு சான்றிதழ் 2025 மார்ச்சில் காலாவதியானதால் அதற்கு முந்தைய பதிப்புகளில் ஆட்-ஆன்கள் வேலை செய்யாது. இதையும் நிரந்தர வழியாக நினைக்காதீர்கள், மூச்சுவிட நேரம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கோளாறு, காலையில் வரும் அந்த "பாதுகாப்பானது அல்ல". பில்லிலும் தேதி தப்பாக வருகிறது என்று நீங்கள் எழுதியதால் வேலை சுலபமாகிவிட்டது. மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. கரண்ட் இல்லாதபோதும் கம்ப்யூட்டரின் கடிகாரம் ஓடுவது அதனால்தான். 2012-லிருந்து மாற்றாத பேட்டரி தீர்ந்திருக்கும். ராத்திரி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் காலையில் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். ஒவ்வொரு சைட்டும் தான் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழுக்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் கணக்கில் அந்தத் தொடக்கத் தேதி இன்னும் வரவேயில்லை, அதனால் எல்லா சைட்டையும் சந்தேகப்படுகிறது. ஒரு பேட்டரி வாங்கிப் போட்டுத் தேதியைச் சரி செய்துவிடுங்கள். புது கம்ப்யூட்டர் விலைக்கு முன்னால் இது ஒரு செலவே இல்லை. பில்லில் தப்பான தேதி போவது வரிக் கணக்கிலும் வம்பு, அதற்காகவாவது இன்றைக்கே செய்யுங்கள்.

மகன் சொல்வதில் பாதி சரி. விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் போட்டால் அதே பழைய கம்ப்யூட்டரில் இன்றைய பிரவுசர் ஓடும். லினக்ஸ் மின்ட் மாதிரி ஒன்று 4 ஜிபி ராமிலேயே சமாளித்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் விண்டோஸ் 32 பிட்டாக இருந்தாலும், 2012-ல் வாங்கிய ப்ராசசர் பெரும்பாலும் 64 பிட்டாகத்தான் இருக்கும். அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் விண்டோஸை அழித்துவிட்டுப் போட விடாதீர்கள். உங்கள் பில் சாஃப்ட்வேர் லினக்ஸில் ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கார்பன் பில் வரிசை பிசகாமல் வரவைப்பது அதைவிடப் பெரிய பாடு. ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி அதில் தனியாக லினக்ஸ் போடட்டும், பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் அப்படியே இருக்கட்டும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் பில் டேட்டாவைப் பென் டிரைவில் காப்பி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் வையுங்கள்.

விண்டோஸ் 10-க்கு ஏற்றித் தருகிறேன் என்று கடைக்காரர் யாராவது சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். அதன் பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ஓ 2012 கம்ப்யூட்டரை ஏற்றுக்கொள்ளாது. என்னைக் கேட்டால், பில் போடும் கம்ப்யூட்டரிலிருந்து நெட் கேபிளைக் கழற்றிவிட்டு அதை பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். பேங்குக்கும் ஜிஎஸ்டிக்கும் தனியாக ஒன்று. இருப்பதிலேயே மலிவான லேப்டாப்போ, வீட்டில் பிள்ளைகளுடையதோ போதும். நெட் இல்லாத விண்டோஸ் 7, பிரிண்டர் உடையும் வரை ஓடும்.

ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. இந்த மாதிரி நேரத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, இங்கே அழுத்தி அப்டேட் செய்யுங்கள்" என்று ஏதாவது ஒரு சைட்டின் நடுவில் பெட்டி வந்தால் அது அப்டேட் இல்லை, அதை மூடிவிடுங்கள். கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுக்காதீர்கள், போலி நம்பர்கள் அங்கேதான் காத்திருக்கும். உங்கள் பழைய பில்லில் அச்சடித்திருக்கும் நம்பரைப் பயன்படுத்துங்கள். "பிரவுசரைச் சரி செய்து தருகிறேன், இந்த ஆப்பைப் போட்டு அதில் வரும் கோட் நம்பரைச் சொல்லுங்கள்" என்று யார் கேட்டாலும் போனை வையுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.

நெட் பில்லை இந்த மாதம் போனிலேயே கட்டிவிடுங்கள். பெரும்பாலான யுபிஐ ஆப்களில் பிராட்பேண்ட் என்று ஒரு பகுதி இருக்கும், அதில் கம்பெனியைத் தேர்ந்து கஸ்டமர் ஐடியைப் போட்டால் தொகை தானாக வரும். வெப்சைட் சண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம். லைன் கம்ப்ளைண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது பில் பாக்கி இருந்தால், டெக்னீஷியனைப் பற்றி நீங்கள் பேசுவதற்குள் அவர்கள் பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.